வாடையை மறைக்காதீர்கள், விசாரியுங்கள்!
சர்க்கரை, எடைக்குறைப்பு மருந்துகளும் வணிகரின் வாயும்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வியாபாரிக்கு அது வெறும் பழமொழி அல்ல, முதலீடு. காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டரை இறக்கும்வரை நாம் பேசிக்கொண்டேதான் இருக்கிறோம். விலை சொல்வது, பேரம் பேசுவது, பாக்கி கேட்பது, லாரி ஆபீசுக்குப் போன் போடுவது எல்லாம் வாயால் நடக்கிற வேலை. அந்த வாயிலிருந்து ஒரு வாடை கிளம்பி, எதிரே நிற்கும் வாடிக்கையாளர் அரை அடி பின்னால் நகர்ந்தால், அந்த அரை அடி நமக்கு நஷ்டம்.

இந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏனென்றால் இதை நம்மிடம் சொல்ல ஆள் கிடையாது. கடைப் பையன் முதலாளியிடம் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் சொல்லமாட்டார், மறுமுறை அடுத்த கடைக்குப் போய்விடுவார். வீட்டில் சொன்னாலோ நாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே பதினான்கு மணி நேரம் தொழில் செய்து, மதியச் சாப்பாட்டை நான்கு மணிக்குச் சாப்பிடும் நம் இனம் இதில் பின்தங்கியிருக்க வாய்ப்பில்லை. கல்லாவில் சில்லறையோடு மாத்திரை அட்டையும் கிடக்கிற கடைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இப்போது எடையைக் குறைக்கும் வாராந்திர ஊசிகளும் சேர்ந்துகொண்டன.

இந்த மருந்துகள் உயிர் காப்பவை. அதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனால் அவற்றில் சில வாயை உலர்த்துகின்றன, ருசியை மாற்றுகின்றன, மூச்சில் வாடையைக் கொண்டுவருகின்றன. அப்போது நம்மவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. பாக்கையோ பெப்பர்மின்ட்டையோ போட்டு வாடையை மறைப்பது. அல்லது "இந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று தாமாகவே மருந்தை நிறுத்திவிடுவது. இரண்டும் தவறு. மூட்டையிலிருந்து வாடை வந்தால் நாம் அத்தர் தெளித்து விற்பதில்லை, பிரித்துப் பார்க்கிறோம். வாய்க்கும் அதே நியாயம்தான்.

எச்சில் என்னும் காவல்காரன்

நல்ல ஆரோக்கியமான மனிதனின் வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. இதை நாம் மதிப்பதில்லை. உணவுத் துணுக்குகளைக் கழுவுவது, பல்லை அரிக்கும் அமிலத்தை முறிப்பது, பல்லின் மேற்பூச்சான எனாமலுக்குச் சுண்ணாம்புச் சத்தைத் திருப்பிக் கொடுப்பது, கிருமிகளை அடக்கி வைப்பது ஆகிய நான்கு வேலைகளையும் சம்பளமில்லாமல் செய்வது எச்சில்தான்.

எச்சில் குறைந்தால் நாக்கின் பின்பகுதியிலும் ஈறின் இடுக்கிலும் உள்ள கிருமிகள் பெருகுகின்றன. அவை உணவிலுள்ள புரதத்தைச் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் வெளியாகின்றன. வாய் நாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த வாயுக்களைத்தான். காலையில் எழுந்ததும் எல்லோர் வாயும் நாறுவதற்கும் இதுவே காரணம். தூக்கத்தில் எச்சில் மிகவும் குறைவாகச் சுரக்கிறது.

சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தாலே சிறுநீர் அதிகம் போய் வாய் உலரும். எச்சிலிலும் சர்க்கரை கூடும். அந்த ஈரமில்லாத இனிப்பான வாய் பூஞ்சைக்குப் பிடித்த இடம். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தயிர்த்துளி போல வெள்ளைப் படிவு தெரிந்தால், குறிப்பாகப் பல்செட் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்தால், அது பூஞ்சையாக இருக்கலாம். ஆகவே எல்லாப் பழியையும் மருந்தின் மேல் போடுவதற்கு முன், சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நேர்மை.

மெட்ஃபார்மினும் இரும்பு ருசியும்

சர்க்கரை என்றவுடன் டாக்டர்கள் முதலில் எழுதும் மாத்திரை மெட்ஃபார்மின். 1957-ல் பாரிசில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் இதைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்தி வெளியிட்ட நாள் முதல் இன்றுவரை தாக்குப்பிடித்து நிற்கும் சரக்கு. விலையும் குறைவு.

சிலருக்கு இதைத் தொடங்கியதும் வாயில் செம்பு, இரும்பு நக்கியது போன்ற ருசி வரும். மருந்து எச்சில் வழியாகவும் சிறிது வெளியேறுவது இதற்கு ஒரு காரணம். அட்டையைப் பிரித்தவுடன் சில மாத்திரைகளில் மீன் வாடை அடிப்பதும் உண்டு. அது மாத்திரையின் வாடை. அதைக் கொண்டு நம் மூச்சே நாறுவதாக எண்ணிக் குழம்ப வேண்டாம். உலோக ருசி பலருக்குச் சில வாரங்களில் அடங்கிவிடும். சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டுக்கொள்வது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக்கொள்வது போன்ற வழிகள் டாக்டரிடம் உண்டு. கேட்டால்தான் சொல்வார்.

இன்னொரு விஷயம் மெதுவாக வருவது. ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு உடலில் பி-12 வைட்டமின் குறையலாம். நாக்கு வழவழவென்று சிவந்து போவது, காரம் பட்டால் எரிவது, வாயோரம் வெடிப்பது, கால் மரத்துப்போவது ஆகியவை அதன் அடையாளங்கள். கால் மரத்துப்போவதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு, நாக்கு எரிவதை மிளகாய்த்தூளின் கணக்கில் எழுதிவிடுகிறோம். இரண்டும் ஒரே பற்றாக்குறையாக இருக்கலாம். இந்த வைட்டமின் இறைச்சி, மீன், முட்டை, பால் வகைகளில்தான் கிடைக்கிறது. எனவே சைவ உணவுக்காரர்களான வணிகர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் இது பற்றி டாக்டர்களுக்கு அறிவுரை வெளியிட்டது. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைந்திருந்தால் ஈடுகட்டவும் வழியிருக்கிறது.

பழ வாடை: இதில் விளையாட்டு இல்லை

அடுத்து நாம் சொல்லப்போவதை உறுப்பினர்கள் இரண்டு முறை படிக்க வேண்டுகிறோம்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின், கானாகிளிஃப்ளோசின் என்று ஒரு மாத்திரைக் குடும்பம் உண்டு. ரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே அனுப்புவது இவற்றின் வேலை. 1835-ல் ஆப்பிள் மரத்தின் பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருளே இவற்றுக்கு முன்னோடி. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்கிறவை என்று நிரூபிக்கப்பட்ட மருந்துகள் இவை. நம் நாட்டில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2020 அக்டோபரிலும், எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்தன. பல கம்பெனிகள் தயாரிப்பில் இறங்கி விலை மளமளவென்று இறங்கியது. அதனால் முன்பு வசதியுள்ளவர்கள் மட்டும் சாப்பிட்ட மாத்திரை இன்று எல்லோர் கல்லாவிலும் இருக்கிறது. நல்லதுதான்.

ஆனால் இந்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் பட்டினி கிடந்தாலோ, வாந்தி பேதியில் விழுந்தாலோ, இன்சுலின் போடுபவர் அதைத் திடீரென்று குறைத்தாலோ, அரிதாக ஒரு ஆபத்து வரும். உடல் சர்க்கரையை விட்டுவிட்டுக் கொழுப்பை வேகமாக எரிக்கத் தொடங்கும். அப்போது கீட்டோன் என்னும் பொருள்கள் ரத்தத்தில் பெருகி, ரத்தமே அமிலமாகும். அந்தக் கீட்டோன்களில் ஒன்று மூச்சு வழியாக வெளியேறும். அதன் பெயர் அசிட்டோன். பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர்களுக்கு நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை தெரியும். ஹார்டுவேர் கடைக்காரர்களுக்குத் தின்னர் வாடை தெரியும். கிட்டத்தட்ட அந்த வாடை. சிலர் மூக்குக்கு அது அளவுக்கு மீறிப் பழுத்த பழம் போலவும், சிலர் மூக்குக்குச் சாராயம் போலவும் இருக்கும்.

சர்க்கரை மிகவும் ஏறும்போது இப்படி ஆவது டாக்டர்களுக்குப் பழைய விஷயம். இந்த மாத்திரைக் குடும்பத்தில் உள்ள தனி ஆபத்து என்னவென்றால், சர்க்கரை அதிகம் ஏறாமலேயே இது நடக்கலாம். வீட்டு மீட்டரில் 250-க்குக் கீழே காட்டும். "சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது" என்று நாம் நிம்மதியாக இருப்போம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015 மே மாதத்திலேயே இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

நமக்கு மிகவும் வேண்டிய மொத்த வியாபாரி ஒருவருக்கு நடந்ததை, பெயரை மட்டும் விட்டுச் சொல்கிறோம். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்து மூன்று நாள் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டார். சரக்கு இறங்கும் நாள் என்பதால் நான்காம் நாள் மண்டிக்கு வந்துவிட்டார். மூச்சு வாங்கியது, பேச்சு குழறியது, கிட்டே போனால் ஒரு வாடை. லோடுமேன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி காலையிலேயே ஆரம்பிச்சிட்டாரு போல" என்று ஒருவர் முணுமுணுத்தார். வாழ்நாளில் மதுவைத் தொடாத மனிதர் அவர். கணக்குப்பிள்ளை பதறிப்போய் மீட்டரில் குத்திப் பார்த்தார். 190. "சர்க்கரை சரியாத்தானே இருக்கு" என்று எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்கள். அதுவும் வாந்தியாகிவிட்டது.

தற்செயலாகப் பணம் கட்ட வந்த மெடிக்கல் ஷாப் நண்பர்தான் நின்று கேட்டார்: "அண்ணாச்சி, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? அட்டையைக் காட்டுங்க." அட்டையில் 'கிளிஃப்ளோசின்' என்று முடியும் பெயரைப் பார்த்தவர், அடுத்த நிமிடம் ஆட்டோவை வரவழைத்தார். தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாள் இருந்து பிழைத்து வந்தார் அண்ணாச்சி. குடித்திருக்கிறார் என்று நினைத்து வீட்டில் கொண்டுபோய்ப் படுக்கவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் எழுத வேண்டியதில்லை.

எனவே ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வோம். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயர் 'கிளிஃப்ளோசின்' என்று முடிகிறதா? இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரையானால் எல்லாப் பெயரையும் படியுங்கள். அந்தக் குடும்பமானால், பழ வாடையோ தின்னர் வாடையோ மூச்சில் வந்து, கூடவே வாந்தி, வயிற்று வலி, மேல்மூச்சு கீழ்மூச்சு, அளவற்ற களைப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், மீட்டர் என்ன காட்டினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போனவுடன் மாத்திரையின் பெயரைச் சொல்லி, கீட்டோன் பார்க்கச் சொல்ல வேண்டும். வாடை எல்லா மூக்குக்கும் தெரியாது என்பதால், வாடை இல்லை என்று சும்மா இருந்துவிடவும் கூடாது.

விரதமும் இதில் சேரும். ஏகாதசி, சஷ்டி, ரமலான் நோன்பு, லெந்து கால உபவாசம் என்று நம் உறுப்பினர்கள் எல்லாச் சமயத்திலும் பட்டினி இருப்பவர்கள். நம்பிக்கையில் நாம் தலையிடவில்லை. விரதத்துக்கு முன்பே டாக்டரிடம் போய், அந்த நாட்களில் இந்த மாத்திரையை என்ன செய்வது, காய்ச்சலில் சாப்பிட முடியாதபோது என்ன செய்வது என்று கேட்டு, ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். ஆபரேஷன் என்றாலும் அப்படியே. இவற்றை மூன்று நாட்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். இன்சுலினை மட்டும் யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

வெறுமனே உணவைக் குறைத்து எடை குறைப்பவர்களுக்கும் லேசாக இந்த வாடை வருவதுண்டு. சர்க்கரை நோயும் இல்லை, இந்த மாத்திரையும் இல்லை, உடம்பும் தெளிவாக இருக்கிறது என்றால் அது கொழுப்பு கரைவதன் அடையாளம் மட்டுமே.

புதிய ஊசிகளும் அழுகிய முட்டை ஏப்பமும்

அமெரிக்கப் பாலைவனத்தில் ஹீலா என்று ஒரு விஷப் பல்லி உண்டு. அதன் வாயில் ஊறும் விஷ எச்சிலில் ஜான் எங் என்ற விஞ்ஞானி கண்ட ஒரு பொருளிலிருந்துதான் இந்த ஊசிக் குடும்பத்தின் முதல் மருந்து 2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தக் குடும்பத்தின் இன்றைய வாரிசுகள் செமாகுளுடைட்டும் டிர்செபடைட்டும். டிர்செபடைட் 'மௌஞ்சாரோ' என்ற பெயரில் 2025 மார்ச்சிலும், செமாகுளுடைட் எடைக்குறைப்புக்கான 'வெகோவி' என்ற பெயரில் 2025 ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. செமாகுளுடைட் மாத்திரை வடிவில் 2022-லேயே வந்துவிட்டது.

இவை பசியை அடக்குகின்றன. இரைப்பையிலிருந்து உணவு மெதுவாக இறங்கும்படி செய்கின்றன. எடை குறைவது அதனால்தான். வாய்க்கு வரும் தொல்லையும் அதனால்தான். உணவு அதிக நேரம் வயிற்றில் தங்குவதால் ஏப்பம் வரும். சிலருக்கு அது அழுகிய முட்டை வாடையோடு வரும். நெஞ்செரிச்சலும் வாந்தியும் வரலாம். மருந்தின் அளவைக் கூட்டும் வாரங்களில் இது அதிகம். பிறகு பலருக்குக் குறையும். இரவு கடை மூடிப் பத்தரை மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டு உடனே படுப்பவருக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பாகும். கொஞ்சமாக, எண்ணெய் குறைவாக, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாகச் சாப்பிடுவதே இதற்கு முதல் மருந்து.

பசி அடங்கும்போது தாகமும் அடங்கிவிடுவதால் பலர் தண்ணீர் குடிக்க மறக்கிறார்கள். வாய் உலர்கிறது, நாற்றம் பிறக்கிறது. செமாகுளுடைட் மாத்திரையை வெறும் வயிற்றில் அரை டம்ளர் தண்ணீரோடு போட்டு அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். அந்த அரை டம்ளர் கணக்கு மாத்திரைக்கு மட்டும். நாள் முழுவதற்கும் அல்ல.

வாந்தி எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயிற்று அமிலம் பட்டதும் பல்லின் எனாமல் சற்று மென்மையாகிவிடும். அந்த நேரத்தில் பிரஷ் போட்டுத் தேய்த்தால் எனாமலையே தேய்த்து எடுக்கிறோம். வாந்தி எடுத்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சமையல் சோடா கலந்து கொப்பளித்துத் துப்பிவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துப் பல் துலக்குங்கள். வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலோ, கடுமையான வயிற்று வலி இருந்தாலோ கைவைத்தியம் வேண்டாம். டாக்டரிடம் போக வேண்டும்.

மயக்கம் கொடுத்துப் பல் ஆபரேஷன் செய்யும்போது இந்த ஊசி பற்றிக் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டினியாக வந்தாலும் வயிற்றில் உணவு தங்கியிருக்கலாம் என்பதால், மயக்க மருந்து டாக்டர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்கிறார்கள்.

நாமே விற்கும் சரக்கு, நாமே வாங்கும் வம்பு

வாடையை மறைக்க நம் கடையிலேயே ஆயிரம் சரக்கு இருக்கிறது. கை நீட்டினால் கிடைக்கும் என்பதுதான் தொல்லை. பாக்கும் பான் மசாலாவும் வாடையை மறைத்து, புற்றுநோயைக் கொண்டுவரும். பாக்கைப் புகையிலை இல்லாமல் மென்றாலும் ஆபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. பெப்பர்மின்ட்டும் சர்க்கரை பூசிய கலர் சோம்பும் உலர்ந்த வாயில் பல்லைச் சொத்தையாக்கும், சர்க்கரையையும் ஏற்றும். சாராயம் கலந்த வாய்க்கழுவி அந்த நேரத்துக்கு மணக்கும், பிறகு வாயை மேலும் உலர்த்தும். கிராம்பை நாளெல்லாம் ஒரே கன்னத்தில் அடக்கி வைத்தால் அந்த இடம் வெந்துபோகும்.

சாதாரணச் சோம்பு சிறிது, ஏலக்காய் ஒன்று, சர்க்கரை இல்லாத சூயிங்கம் ஆகியவற்றை மென்றால் எச்சில் ஊறும். தவறில்லை. அவை துணைதான், மருந்து அல்ல.

இன்னொன்றையும் வணிகர்கள் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். 'பக்கவிளைவே இல்லாத மூலிகை', 'ஒரே மாதத்தில் பத்துக் கிலோ' என்ற லேபிளோடு எடைக்குறைப்புப் பொடிகளும் மாத்திரைகளும் நம் கடைகளுக்கு வருகின்றன. கமிஷனும் தாராளம். சிபுட்ராமின் என்று ஒரு எடைக்குறைப்பு மருந்து இருந்தது. பசியை அடக்கும், வாயை வறட்டிவிடும். இதய நோய்க்காரர்களுக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து எடுத்தார்கள். இந்தியாவில் 2011-ல் தடை செய்தார்கள். அதற்குப் பிறகும் 'இயற்கை மூலிகை' என்று விற்ற பல எடைக்குறைப்புப் பொருள்களில் இது ரகசியமாகக் கலந்திருந்ததை அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. ஆகவே பில் இல்லாமல், உரிமம் எண் இல்லாமல், தயாரிப்பாளர் முகவரி இல்லாமல் வருகிற பொடியை அலமாரியில் ஏற்றாதீர்கள். மூலிகைப் பொடி சாப்பிட்டு நாக்கு வறள்கிறது, படபடப்பாக இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் அது புகார் அல்ல, எச்சரிக்கை மணி. நாளை அவருக்கு ஏதேனும் நேர்ந்தால் விற்றவர் பெயர்தான் முதலில் வரும்.

ஈறைக் கவனித்தால் சர்க்கரையும் அடங்கும்

சர்க்கரையும் ஈறும் ஒன்றுக்கொன்று கொடுக்கல் வாங்கல் உள்ளவை. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு நோய் முற்றும். ஈறில் சீழும் வீக்கமும் இருந்தால் சர்க்கரை கட்டுப்படாது. ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஏறக்குறைய 0.4 குறைவதாக, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2022-ஆம் ஆண்டு மதிப்பீடு சொல்கிறது. இது கூடுதலாக ஒரு மாத்திரை சேர்த்தால் கிடைக்கும் பலனுக்கு மிகவும் பின்தங்கியது அல்ல. பல் டாக்டருக்குக் கொடுக்கும் பணம் தண்டச் செலவு என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரையோடு ரத்தக் கொதிப்பு மாத்திரையும் சாப்பிடுபவர்கள் நம்மில் பலர். அவற்றில் அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்து பல்லை மூடவைக்கும். நீர் பிரியச் செய்யும் மாத்திரைகள் வாயை உலர்த்தும். எனவே பல் டாக்டரிடம் போகும்போது சர்க்கரை மாத்திரையை மட்டும் சொல்லாமல் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போவது உத்தமம்.

கடையில் இருந்தபடியே செய்யக்கூடியவை

கல்லாப் பக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் வையுங்கள். மணிக்கு ஒருமுறை சில மடக்கு குடியுங்கள். இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம். காலையும் இரவும் ஃபுளோரைடு உள்ள பற்பசையால் துலக்குங்கள். நாக்கு வழிக்க மறக்காதீர்கள். மென்மையாக வழித்தால் போதும், ரத்தம் வரத் தேவையில்லை. பல்செட்டை இரவில் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாய் கொப்பளிக்காமல் கல்லாவில் உட்காராதீர்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரைப் பாருங்கள். உங்கள் மாத்திரைப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் ஒன்றும் கல்லாவில் ஒன்றும் வையுங்கள். கடையில் நம்பிக்கையான ஒருவரிடம், "என் மூச்சில் வித்தியாசமான வாடை வந்தால் தயங்காமல் சொல்" என்று வாய்விட்டுச் சொல்லி வையுங்கள். முதலாளி அனுமதி கொடுத்தால்தான் தொழிலாளி வாய் திறப்பான்.

மருந்தை மட்டும் யாரும் கேட்காமல் நிறுத்த வேண்டாம். வாய் உலர்கிறதா, ருசி மாறுகிறதா, ஏப்பம் நாறுகிறதா, டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், நேரத்தை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். வழி இருக்கிறது.

கடைசியாக, சங்கம் செய்ய வேண்டிய ஒன்று. நம் மார்க்கெட்டுகளில் பலர், பெண் ஊழியர்கள் குறிப்பாக, நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். காரணம் மறதி அல்ல; போக இடமில்லை. சிறுநீரை அதிகப்படுத்தும் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு, கழிப்பறை இல்லாத கடையில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? தண்ணீரை நிறுத்துவார், இல்லையென்றால் மாத்திரையை நிறுத்துவார். இரண்டும் எங்கே கொண்டுபோய் விடும் என்று மேலே பார்த்தோம். மார்க்கெட்டுக்கு மார்க்கெட் சுத்தமான கழிப்பறை கேட்டு உள்ளாட்சி அமைப்புகளிடம் மனு கொடுப்பதை, வரிக் கோரிக்கைக்குச் சமமான கோரிக்கையாக நம் கிளைச் சங்கங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தும் கிளைகள், அதே பந்தலில் பல் டாக்டருக்கும் ஒரு மேசை போட வேண்டும்.

தராசில் முள் விலகினால் நாம் கையால் தள்ளி நேராக்குவதில்லை, படியைச் சோதிக்கிறோம். மூச்சில் வாடை விலகினாலும் சோதித்துப் பார்ப்போம். இன்று இரவு கடை சாத்துவதற்கு முன் மாத்திரை அட்டையைத் திருப்பி ஒருமுறை பெயரைப் படித்துவிடுங்கள்.